பத்தொன்பது டிகிரி பிழை

1. விழுந்த மரம்

பிளம் மரத்தின் மேல்பாதி முறிந்து விழுந்த சத்தம் கேட்டபோது நான் ரோசி அக்கா வீட்டு டிஷ் ரிசீவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். டிவியில் வெள்ளைப் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. மரம் விழுந்த பிறகும் அதே புள்ளிகள்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஏணியில் நின்ற கிரஹாம் மரம் அறுக்கும் வாளைக் கீழே இறக்கிவிட்டு, "எப்படி, படம் வந்துவிட்டதா?" என்று கத்திக் கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

"இன்னும் இல்லை" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் வெட்டவா?"

"வேண்டாம். போதும்."

விழுந்த கிளையெல்லாம் சுண்டைக்காய் அளவில் பச்சைக் காய்கள். கிரஹாம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மரம் வெட்டும் முன்பே அவர் சொன்னார்: "இது வெட்டுகிற காலம் இல்லை. மழைக் காலத்தில் பிளம் மரத்தில் வாள் வைத்தால் காயத்தின் வழியாக நோய் இறங்கும். இலை வெள்ளியாக மாறி மரம் சாகும். ஆனாலும் ரோசி கேட்டால் வெட்டுவேன்." அவருடைய காலில் ஆறாத புண் இருந்தபோது ஒரு மாதம் தினமும் வந்து கட்டு மாற்றியவர் ரோசி அக்கா.

மரம்தான் மறைக்கிறது, வெட்டினால் படம் வரும் என்று சொன்னவன் நான்.

2. நான் எப்படி அங்கே வந்தேன்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை, திருகோணமலைப் பக்கம் கோயில் கட்டுமானத்தில் கூலி வேலை, கொழும்பில் ஹோட்டல் சமையலறை, பிறகு வளைகுடாவில் இரண்டு வருடம். எந்த இடத்திலும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தேன். நகரத்தின் ஓரத்தில் ரானுயியில் ஒரு வீட்டின் பின்னால் இருந்த சின்ன அறையில் வாடகைக்கு இருந்தேன். குளிர் காலத்தில் சுவர் வியர்க்கும். பஸ் பிடித்து, மாறி, த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் இருந்த ஏரியல் கடைக்கு வேலைக்குப் போவேன்.

கடை முதலாளி முருகேசன் தூத்துக்குடிக்காரர். பதினாலு வருடம் கப்பலில் எலெக்ட்ரீசியனாக இருந்துவிட்டுக் கரை ஏறியவர். கூரையில் ஏறி டிவி ஏரியல் பூட்டுவதுதான் கடையின் வேலை. அதற்குத் திசை பார்க்கத் தேவையில்லை. மலை மேல் டவர் தெரியும், அந்தப் பக்கம் திருப்பினால் படம் வரும். முதல் நாளே அவர் கேட்டார்:

"கல்ஃபுல டிஷ்ஷு போட்டிருக்கேன்னு எழுதியிருக்க. பெரிய டிஷ்ஷா, இல்ல சோத்துத் தட்டு மாதிரியா?"

"பெரிசு தான் முதலாளி. மூண்டு மீட்டர்."

"தனியா போட்டியா, கூட நின்னு பாத்தியா?"

"முதல் வருசம் கூட நிண்டனான். ரெண்டாம் வருசம் தனிய."

"பொய் சொல்லலயே? சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும்ல."

பொய் சொல்லவில்லை. இருபதுக்கு மேல் பூட்டியிருந்தேன். கையில் ஒரு காந்தத் திசைகாட்டி, கோணம் பார்க்கும் ஒரு மீட்டர், இரண்டு ஸ்பேனர். ஊசி காட்டும் திசைதான் வடக்கு. அதிலிருந்து கணக்குப் பார்த்துத் திருப்பினால் முதல் அரை மணியில் படம் வந்துவிடும். ஒரே வித்தியாசம், அங்கே டிஷ் தெற்கே பார்க்கும், நியூசிலாந்தில் வடக்கே பார்க்க வேண்டும். அதைத் தெரிந்து வைத்திருந்ததே பெரிய கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைய இளம் டெக்னீஷியன்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கும். உங்கள் வீட்டில் ஒருவர் அமெரிக்க பேஸ்பால் பார்க்க விரும்பினால் சந்தா கட்டிப் போனில் திறந்து கொடுத்துவிடுவீர்கள். அப்போது அதற்கு ஒரே வழிதான் இருந்தது. பெரிய ஆட்டங்களை அங்கிருந்து மற்ற நாட்டு டிவி நிலையங்களுக்கு பசிபிக்குக்கு மேலே நிற்கும் சாட்டிலைட் வழியாக அனுப்புவார்கள். நிலையங்கள் அதிலிருந்து செய்திக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் டிஷ் வைத்திருப்பவர் முழு ஆட்டத்தையும் பார்க்கலாம். ஃபீட் என்று சொல்லும் அந்த நேரடிச் சிக்னல் அப்போது சங்கேதப் பூட்டு இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சாட்டிலைட் ஆக்லாந்திலிருந்து நேர் வடக்குக்குச் சற்றுக் கிழக்கே, ஒன்பது டிகிரியில், வானத்தில் பாதி உயரத்தில் நின்றது. மூன்று மீட்டர் டிஷ்ஷுக்குப் பார்வை மிகக் குறுகல். இரண்டு டிகிரி விலகினால் வெறும் புள்ளிதான்.

ரோசி அக்கா கடைக்கு வந்து அந்த டிஷ்ஷைக் கேட்டபோது முருகேசன் என்னைப் பார்த்தார். "முடியும்" என்றேன்.

3. ரோசி அக்கா

மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். அமெரிக்காவில் ஒரு பெரிய ஏரியின் கரையில் இருந்த நகரத்தில் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தவர். பிறகு ஆக்லாந்துக்கு வந்து கிளென்ஃபீல்டில் வீடு வாங்கித் தனியாக இருந்தார். அந்த நகரத்துப் பேஸ்பால் அணிதான் அவருடைய அணி; அதன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். "எழுதினா ராசி போயிரும் லா, தம்பி." அந்த அணி அவர் அங்கே இருந்த பதினொரு வருடமும் தோற்றது. அவர் இங்கே வந்த பிறகு ஜெயிக்கத் தொடங்கி, அந்த அக்டோபரில் இறுதித் தொடருக்கு வந்துவிட்டது. முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை. அதிகபட்சம் ஏழு ஆட்டம்.

"இத்தனை வருசம் தோத்ததை எல்லாம் உட்கார்ந்து பார்த்தேன் தம்பி. இப்ப ஜெயிக்கிறதை மட்டும் போன்ல கேட்கணுமா? நீ எனக்கு ஒரே ஒரு ஆட்டம் காட்டு, போதும்."

"ஓம் அக்கா. ஏழும் காட்டுறன்."

அப்படி வாயை விட்டேன்.

அங்கே இரவு ஆட்டம் என்றால் ஆக்லாந்தில் மறுநாள் மதியம் ஒன்றேகால். பின்முற்றத்தில் கான்கிரீட் போட்டு, இரும்புத் தூண் நட்டு, டிஷ்ஷைத் தூக்கி வைத்தோம். திசைகாட்டியை வைத்துக் கான்கிரீட்டில் ஒரு கோடு கீறினேன். அந்தக் கோட்டிலிருந்து ஒன்பது டிகிரி தள்ளிப் பார்த்தால் வேலியோரம் கிரஹாமின் பிளம் மரம் நேராக நின்றது. படம் வராததற்கு அதுதான் காரணம் என்று உடனே தீர்மானித்துவிட்டேன். மரம் வெட்டிய கதையை மேலே சொல்லிவிட்டேன்.

மரம் போனபிறகும் படம் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. என் வேலை அனுமதி அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்க முதலாளியின் கடிதம் வேண்டும். 'அனுபவமுள்ள சாட்டிலைட் டெக்னீஷியன், இவரைப் போல உள்ளூரில் ஆள் இல்லை' என்று முருகேசன் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டைப் அடித்தாகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி.

"டிஷ்ஷு ஓடட்டும், கையெழுத்துப் போடுதேன்" என்றார் முருகேசன். "ஓடாத டிஷ்ஷுக்கு என்னத்த எக்ஸ்பீரியன்ஸுன்னு எழுத? கவர்மெண்டுக்காரன் அந்தம்மாட்ட போன் போட்டுக் கேட்டா என்னல சொல்லுவா?"

4. இரண்டு ஸ்ட்ரைக்

டிஷ்ஷின் முன்னால் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்ற பெட்டி பழுது என்று அடுத்து முடிவு செய்தேன். ஆஸ்திரேலியாவிலிருந்து புதிது வரவழைத்தோம். அது வந்து சேர்வதற்குள் முதல் இரண்டு ஆட்டம் போய்விட்டது. அக்காவின் பழைய நர்ஸ் தோழி அங்கிருந்து டிவியைப் பார்த்துப் பார்த்துப் போனில் சொல்வார். அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மடியில் ஸ்கோர் புத்தகத்தை வைத்துப் பென்சிலால் எழுதுவார். நான் வெளியே ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எறியும் பந்து விலகிப் போனால் பால், அடிக்க வேண்டிய பந்தை விட்டால் ஸ்ட்ரைக்.

"பால்... பால்... ஸ்ட்ரைக். என்னா, சுத்தவே இல்லையா? கட்டை மாதிரி நின்னானா? அலாமாக்! அவனை வீட்டுக்கு அனுப்பச் சொல்லு லா!"

புதன்கிழமை புது எல்என்பியைப் பூட்டினேன். புள்ளிதான். வியாழன் கேபிளை மாற்றினேன். புள்ளிதான். ஆக்சுவேட்டர் மோட்டாரைப் போட்டு டிஷ்ஷைக் கிழக்கும் மேற்கும் ஓட்டினேன். அப்போதும் புள்ளிதான். அது ஏன் என்று பிறகுதான் விளங்கியது. டிஷ்ஷைத் தாங்கும் அடி மவுண்ட் திசை பிழைத்திருந்தால் டிஷ் ஓடும் வளைவே பிழைத்துவிடும். எங்கே நிறுத்தினாலும் சாட்டிலைட் இல்லாத வானத்தைத்தான் அது பார்க்கும்.

வியாழன் நாலாவது ஆட்டம் முடிந்தபோது அக்காவின் அணி ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியிருந்தது. அக்கா தேநீர் கோப்பையோடு வெளியே வந்தார். நான் தலையை நிமிர்த்தவில்லை.

"என்னா தம்பி, மூஞ்சி செத்துப் போயிருக்கு?"

"எனக்குத் தெரிஞ்சது எல்லாம் செய்திட்டன் அக்கா. வேற ஆளைப் பாருங்கோ."

"வேற ஆள் யாரு இருக்கா?"

"இல்லைத்தான்."

"அப்ப ஏன் பேசுற? மரம் ஒரு ஸ்ட்ரைக். எல்என்பி ஒரு ஸ்ட்ரைக். ரெண்டுதானே ஆச்சு? எங்க ஆட்டத்துல மூணு ஆனாத்தான் அவுட், அது வரைக்கும் நிக்க விடுவாங்க. டீயைக் குடி, ஆறிரும்."

அன்று பஸ்ஸில் ரானுயிக்குத் திரும்பும்போது, வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். அதுவரைக்கும் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஒரு இடத்தில் முகம் கெட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம். இந்த முறை போகக்கூடாது என்று தீர்மானித்தேன். வீரம் ஒன்றும் இல்லை. வெட்டின மரம் கண்ணுக்குள் நின்றது.

5. நிழல்

வெள்ளிக்கிழமை மதியம் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டேன். உள்ளே அக்கா போனில் ஐந்தாவது ஆட்டம் தொடங்கக் காத்துக்கொண்டிருந்தார். வெயில் நன்றாக இருந்தது. தூணின் நிழல் கான்கிரீட்டில் விழுந்தது. பன்னிரண்டரைக்குப் பார்த்தேன், நிழல் குறுகிக்கொண்டு வந்தது. ஒரு மணி தாண்டியதும் திரும்ப நீளத் தொடங்கியது. நிழல் மிகக் குட்டையாக இருந்த நேரம் அது நேர் தெற்கில் விழுந்திருக்க வேண்டும். நான் கீறிய வடக்கு தெற்குக் கோட்டின் மேல் விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை. கோட்டைவிட்டு நன்றாக விலகிக் கிடந்தது.

முதலில் என் கண் பிழை என்று நினைத்தேன். திசைகாட்டியை எடுத்து வைத்தேன். ஊசி கோட்டோடு ஒட்டி நின்றது. தூணின் இரும்பு ஊசியை இழுக்கிறதோ என்று தெருவுக்கு எடுத்துப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே பக்கம்தான். ஊசி ஒன்று சொல்கிறது, சூரியன் வேறு சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய்.

அப்போதுதான் திருகோணமலைக் கோயில் வேலை ஞாபகம் வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. கோயிலுக்கு அடி எடுக்கும் முன் ஸ்தபதி நிலத்தை மட்டமாக்கி நடுவில் ஒரு கம்பை நட்டார். சங்கு நடுவது என்பார்கள். கம்பைச் சுற்றிக் கயிற்றால் மூன்று வட்டம் போட்டார். காலையில் கம்பின் நிழல் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே போகும் இடத்தில் ஒரு ஆணி. மாலையில் அதே வட்டத்தைத் தொட்டு வெளியே வரும் இடத்தில் இன்னொரு ஆணி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குக் குறுக்கே போட்டால் வடக்கு தெற்கு. எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆடு வந்து வட்டத்தை மிதிக்காமல் பார்ப்பதுதான் என் வேலை. ஆட்டை விரட்டிக்கொண்டே பார்த்தது மனதில் நின்றுவிட்டது. அந்த ஸ்தபதியின் கையில் திசைகாட்டியே இருந்ததில்லை.

உள்ளேயிருந்து அக்காவின் கூச்சல் கேட்டது. ஐந்தாவது ஆட்டத்தில் அக்காவின் ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். கடைசியில் ஜெயித்தும் விட்டார்கள். இரண்டுக்கு மூன்று. சனிக்கிழமை ஓய்வு. ஞாயிறு ஆறாவது ஆட்டம். அதில் தோற்றால் தொடர் முடிந்தது.

எனக்கு ஒரே ஒரு பகல் இருந்தது.

6. சனிக்கிழமை

துடைப்பக் கட்டையோடு முதல் பஸ்ஸில் ஏறினேன். முற்றத்துக் கான்கிரீட்டில் அதை நிறுத்தி, நூலில் ஸ்பேனரைத் தொங்கவிட்டு நேர் பார்த்தேன். கேபிள் துண்டால் அளந்து, சாக்கட்டியால் மூன்று வட்டம் போட்டேன்.

அக்கா யன்னலால் எட்டிப் பார்த்தார். "என்னா இது, கோலமா?"

"வடக்கைத் தேடுறன் அக்கா."

"அது காணாமப் போயிருச்சா?"

"என்னட்டத்தான் இல்லை."

பத்து மணிக்குச் சற்று முன் நிழல் நுனி வெளி வட்டத்தைத் தொட்டது. குறி வைத்தேன். பத்தரைக்கு மழை பிடித்தது. சாக்கட்டி கரைந்து ஓடத் தொடங்கியது. நான் சட்டையைக் கழற்றி வட்டத்தின் மேல் விரிக்க, அக்கா சமையலறையிலிருந்து பெரிய இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து குறியின் மேல் கவிழ்த்தார். "குவாலி போட்டாச்சு, இனி ஒன்னும் ஆகாது. நீ உள்ள வா, சளி பிடிக்கும்." நான் உள்ளே போகவில்லை. வட்டங்களின் மேல் கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டினேன். நடு வட்டத்தைத் தொடும் நேரம் மழையிலேயே போய்விட்டது. உள் வட்டத்துக்கு வெயில் வந்தது, குறி வைத்தேன். ஆனால் மதியத்துக்குப் பிறகு, நிழல் திரும்பி வந்து உள் வட்டத்தைத் தொட வேண்டிய நேரத்தில் மேகம் மூடிவிட்டது. ஸ்தபதி ஏன் மூன்று வட்டம் போட்டார் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பாக்கி இருந்தது வெளி வட்டம் ஒன்றுதான். நாலு மணி தாண்ட வேண்டும். மூன்றரைக்கு வானம் முழுக்கச் சாம்பல். அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, வானத்தைப் பார்த்து உட்கார்ந்தார். ஜெபம் செய்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, திட்டிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு மேற்கே மேகம் கிழிந்தது. கட்டையின் நிழல் முதலில் மங்கலாகவும் பிறகு கத்தி போலவும் விழுந்தது. நுனி வட்டத்துக்கு ஒரு விரல் உள்ளே. நான் மண்டியிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டேப்பைத் தொட்டது. அந்த இடத்தில் ஆணியால் கீறினேன். அடுத்த நிமிடம் மறுபடி மூடிவிட்டது.

சட்டியைத் தூக்கி, காலைக் குறிக்கும் மாலைக் குறிக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துக் கோடு போட்டேன். அதற்குக் குறுக்கே ஒரு கோடு. அதுதான் வடக்கு. என் பழைய கோடு மூன்றடி போவதற்குள் அதைவிட்டு ஓரடி விலகியிருந்தது. கோணத்தை அளந்தேன். பத்தொன்பது டிகிரி.

மவுண்டின் கழுத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, புதுக் கோட்டைப் பார்த்துத் திருப்பினேன். மரம் நின்ற பக்கத்தைவிட்டு டிஷ் விலகி, இரண்டு கூரைகளுக்கு நடுவே திறந்த வானத்தைப் பார்த்தது. அங்கே ஒரு செடிகூட மறைக்கவில்லை.

"தம்பி!" உள்ளேயிருந்து அக்கா கத்தினார். "ஏதோ ஓடுது லா! கறுப்பு வெள்ளையா, மேல மேல ஓடுது!"

முறை வேறான அமெரிக்க சிக்னல் நியூசிலாந்து டிவியில் அப்படித்தான் உருளும். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. கராஜில் பழைய சேலைக்குள் சுற்றி வைத்திருந்த தன் அமெரிக்க டிவியையும், அதற்கான டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு வந்தார். பூட்டினேன். நிறம் வந்தது. ஒரு ஆள் காய்கறி நறுக்கும் கருவியை விற்றுக்கொண்டிருந்தான். அக்கா அவனுக்குக் கைதட்டினார்.

நான் யன்னலால் கிரஹாமின் மரத்தைப் பார்த்தேன். மேலே வெட்டின இடம் மழையில் நனைந்திருந்தது.

7. ஆறாவது ஆட்டம்

ஞாயிறு மதியம் முருகேசன் வந்தார். சட்டைப் பையில் என் கடிதம் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "எப்படில புடிச்ச?"

"நான்தான் பிழை விட்டனான் முதலாளி. ஊசி காட்டுற வடக்கு இங்க வடக்கு இல்லை. மரம் மறைக்கவே இல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, வாயப் பொத்து. கஸ்டமர் வீட்ல தப்புன்னு ஒத்துக்கிட்டா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான். ஓடுதுல்ல? அது போதும்."

கிரஹாமும் வந்து உட்கார்ந்தார். அது ஃபீட் என்பதால் இடையில் விளம்பரம் வராது. அந்த நேரம் முழுக்கக் கேமரா சும்மா நிற்கும், ஆட்டக்காரர்கள் விதை கொறித்துத் துப்புவார்கள், ஆட்கள் மண்ணை வாரிச் சமப்படுத்துவார்கள். அப்படி ஒரு இடைவெளியில் கிரஹாம் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஆக, மரம்தான் மறைத்திருக்கிறது. நல்லது. வெட்டினதுக்கு ஒரு பலன் இருக்கிறது."

அக்கா சிரித்தார். முருகேசன் என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். பையில் இருக்கும் கடிதம் உட்பட.

"இல்லை" என்றேன். எழுந்து நின்றுவிட்டேன் என்று பிறகு அக்கா சொன்னார். "மரம் மறைக்கவில்லை. நான் திசையைப் பிழையாகப் பார்த்தேன். டிஷ் இப்போது வேறு பக்கம் பார்க்கிறது. உங்கள் மரத்தை வெட்டச் சொன்னது என் பிழை. அதை வெட்டியிருக்கவே தேவையில்லை."

 கிரஹாம் பியர் கேனை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். வேலியோரம் நின்று டிஷ்ஷையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தது யன்னலில் தெரிந்தது. அவர் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திரும்பி வரவில்லை.

"எத்தனை டிகிரில?" என்று கேட்டார் முருகேசன்.

"பத்தொன்பது."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சார்ட்ல போட்டிருப்பான். கப்பல் பிரிட்ஜ்ல லைட்டு மாட்டப் போவும்போதெல்லாம் பாப்பேன். மேப்புல வட்டமா, உள்ளுக்குள்ள இன்னொரு வட்டம், சாஞ்சு நிக்கும். ஊருக்கு ஊரு ஊசி எவ்வளவு சாயும்னு போட்டிருக்கும். பதினாலு வருசம் பாத்திருக்கேன், ஒரு நாளும் என்னன்னு கேக்கல. கல்ஃபுல சாய்வு கம்மி, அதான் நீ தப்பிச்சிருக்க." பிறகு, "நா கேட்டிருந்தா அந்த மரம் நின்னிருக்கும்ல" என்றார்.

"ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க" என்றார் அக்கா. "ஒன்பதாவது இன்னிங்ஸ் நடக்குது, கடைசி."

அக்காவின் அணிக்கு ஒரு ரன் குறைவு. இரண்டு பேர் அவுட், மூன்றாவது போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டாம் பேஸில் ஒருவன் நின்றான். அக்கா பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார். பந்து உயரப் போனது. அக்கா பாதி எழுந்தார். எதிரணியில் நடுவில் நின்றவன் பின்னால் ஓடி, வேலிக்கு முன் பிடித்துவிட்டான்.

அவ்வளவுதான். தொடர் முடிந்தது.

அக்கா உட்கார்ந்து, புத்தகத்தில் கடைசிக் கட்டத்தை நிரப்பித் தேதி போட்டார். கண்ணைத் துடைத்தார் என்று நினைக்கிறேன், நான் சரியாகப் பார்க்கவில்லை. பிறகு, "ஏப்ரல்ல புது சீசன் தொடங்கும் தம்பி. அந்த போல்ட்டை எல்லாம் நல்லா இறுக்கிட்டுப் போ" என்றார்.

8. அதற்குப் பிறகு

திங்கட்கிழமை முருகேசன் மேசையில் கடிதத்தை வைத்தார், கையெழுத்தோடு. கூடவே துறைமுகப் பக்கம் போய் நகல் எடுத்துவந்த கடல் வரைபடத்துத் துண்டு. இரண்டு வட்டமும் அதில் இருந்தன. "இத வேன்ல ஒட்டுல" என்று மட்டும் சொன்னார். என் அனுமதி நீண்டது. அந்தக் கடையில் ஒன்பது வருடம் இருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு இடத்தில் அவ்வளவு காலம் இருந்தது அதுதான் முதல் தடவை.

கிரஹாம் சொன்னது நடந்தது. கோடையில் பிளம் இலைகள் வெள்ளி பூசியதுபோல் மாறி, மரம் கிளை கிளையாகக் காய்ந்தது. நான் சனிக்கிழமைகளில் போய்க் காய்ந்ததை வெட்டி அகற்றினேன். முதல் இரண்டு சனி அவர் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது சனி ஒரு கோடரியை வெளியே வைத்திருந்தார். நாலாவது சனி தேநீர் வந்தது. பேச்சு வரவில்லை.

இளம் டெக்னீஷியன்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வாடிக்கையாளரிடம் எது மறைக்கிறது என்று சொல்வதற்கு முன், நீ எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்பதை இரண்டு விதமாகச் சரிபார். கருவி ஒன்று சொன்னால் கருவி அல்லாத இன்னொன்றையும் கேள். பிறகும் பிழை வரும். வந்தால் அன்றைக்கே, அந்த ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல். சரிபார்ப்பதை நான் ஒரு வாரம் பிந்திச் செய்தேன். ஒரு மரம் போனது.

அடுத்த ஜூலையில் புதுக் கன்று ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். மண் ஈரமாக இருந்தது. கிரஹாம் குழியை வெட்டினார், நான் கன்றைப் பிடித்தேன். அவர் மண்ணைத் தள்ளாமல் மண்வெட்டியில் சாய்ந்து நின்று, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்:

"நடுவதற்கு முன் ஒன்று சொல். வடக்கு எந்தப் பக்கம்?"

திசைகாட்டி என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. மேகத்துக்குள் சூரியன் இருந்த இடத்தைப் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன், கையை நீட்டிக் காட்டினேன். அவர் வேலிக்கு மேலால் அக்காவின் டிஷ்ஷை எட்டிப் பார்த்தார். அதுவும் கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி" என்று சொல்லி மண்ணைத் தள்ளினார்.